பாதத்தை அளந்து பூட்ஸ் கொடுங்கள்

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையின் தென்கோடியில், நிபோங் திபாலுக்கு மேற்கே கடலோரமாக இருக்கிறது பைராம் தோட்டம். கரும்பு விளைந்து, பிறகு பால்மரம் நிமிர்ந்து, இன்று செம்பனை நிறைந்திருக்கும் வட்டாரம் அது. தாழ்ந்த நிலம், களிமண், நெடுக வாய்க்கால்கள். மழை பெய்துவிட்டால் வைத்த காலை மண் எளிதில் விடாது. வெட்டிப் போட்ட மட்டைகளின் முள், ஈரத்தில் கிடக்கும் பாம்பு, சிதறிய உதிரிப் பழம் எல்லாவற்றுக்கும் நடுவில்தான் குலை வெட்டுபவரும், பழம் பொறுக்குபவரும், உரம் போடுபவரும் நாள் முழுக்க நடக்கிறார்கள். செம்பனைத் தோட்டம் எதுவானாலும் அவர்கள் காலில் இருப்பது முழங்காலுக்குக் கீழே வரை ஏறும் ரப்பர் பூட்ஸ்.

அந்த பூட்ஸ் கைக்கு வரும்போது பெரும்பாலும் ஒரே ஒரு கேள்விதான் கேட்கப்படுகிறது: "என்ன சைஸ்?" ஏழு, எட்டு, ஒன்பது என்று ஓர் எண்ணைச் சொல்கிறோம். அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

உலகின் இன்னொரு கோடியில், பனிமலைச் சரிவில் சறுக்கி விளையாடப் போகிறவர் பூட்ஸ் வாங்கும் முறை வேறு. நல்ல கடையில் முதலில் உட்கார வைத்தும் நிற்க வைத்தும் இரண்டு பாதங்களையும் அளக்கிறார்கள். நீளம், அகலம், புறங்காலின் உயரம், கெண்டைக்காலின் பருமன், கணுக்கால் எவ்வளவு மடங்குகிறது என்பதெல்லாம் பார்க்கிறார்கள். தேவைப்பட்டால் உள்ளுறையைச் சூடாக்கி அவர் காலின் வடிவத்துக்கே படிய வைக்கிறார்கள். 2018இல் தென் கொரியாவின் பியோங்சாங்கில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் மலேசியாவிலிருந்து முதன்முறையாக இருவர் கலந்துகொண்டார்கள். அவர்களில் ஒருவரான ஜெப்ரி வெப் பனிச்சறுக்கு வீரர். அவரைப் போன்றவர்களுக்கு பூட்ஸ் கொஞ்சம் தளர்ந்தாலும் திருப்பம் தவறிப்போகலாம். அதனால்தான் அந்தத் துறையில் பொருத்தம் என்பது ஓர் அறிவியலாகவே வளர்ந்துவிட்டது.

அந்த அறிவியல் விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் உரியதல்ல. பாதம் எங்கும் பாதம்தான். ஆண்டுக்குச் சில நாள் விளையாடுபவரின் காலுக்குக் கிடைக்கும் கவனம், ஆண்டு முழுக்க உழைப்பவரின் காலுக்கும் கிடைக்க வேண்டும். அதற்குப் பெரிய செலவோ கருவியோ தேவையில்லை என்பதைத்தான் இங்கே விளக்க விரும்புகிறேன்.

வெறுங்காலின் காலம்

19ஆம் நூற்றாண்டில் வெல்லஸ்லி மாகாணம் என்று அழைக்கப்பட்ட இந்தப் பகுதியின் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டார்கள். வெறுங்காலோடு வேலை செய்த அந்தத் தலைமுறைகளை வாட்டிய நோய்களில் ஒன்று கொக்கிப்புழு. ஈரமண்ணில் இருக்கும் அதன் நுண்ணிய இளம்புழு பாதத்தின் தோலைத் துளைத்து உடலுக்குள் நுழையும். குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும். இரத்தசோகையால் ஆள் சோர்ந்துபோவார். அந்தச் சோர்வைச் சோம்பல் என்று திட்டியவர்களும் உண்டு. ராக்கஃபெல்லர் அறநிறுவனம் அனுப்பிய குழு ஒன்று, மருத்துவர் சாமுவேல் டார்லிங் தலைமையில் 1915 முதல் 1917 வரை மலாயா, ஜாவா, பிஜி ஆகிய இடங்களில் கொக்கிப்புழுவையும் மலேரியாவையும் ஆராய்ந்தது. கழிப்பிட வசதியும் காலணியும் அந்த நோயைத் தடுக்கும் இரண்டு பெரிய வழிகள் என்பது இன்று எல்லோருக்கும் தெரிந்த பாடம்.

மண்ணுக்கும் தோலுக்கும் நடுவில் ஒரு தடுப்பாக இருப்பது காலணியின் முதல் வேலை. ரப்பர் பூட்ஸ் அதை நன்றாகவே செய்கிறது. நடக்கும் பாதத்துக்குத் துணையாக இருப்பது இரண்டாவது வேலை. முதல் வேலை நடந்துவிட்டது என்ற நிம்மதியில் இரண்டாவதை நாம் மறந்துவிட்டோம்.

பாதம் ஒரே அளவில் இருப்பதில்லை

ஒரு பாதத்தில் 26 எலும்புகள், 33 மூட்டுகள். உட்கார்ந்திருக்கும்போது அளந்த பாதம், எழுந்து நின்று எடையை ஏற்றியதும் சில மில்லிமீட்டர் நீண்டு அகன்றுவிடும். காலையில் அளந்த பாதம், பல மணி நேரம் வெயிலில் நின்று நடந்த பிறகு கொஞ்சம் வீங்கியிருக்கும். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு பாதங்களும் ஒரே அளவில் இருப்பதுமில்லை.

நடையைக் கவனித்துப் பாருங்கள். குதிகால் மேலெழும்போது முன்பாதம் மட்டும் தரையில் நிற்க, விரல்கள் மடங்குகின்றன. அந்த நொடியில் உள்ளங்காலின் தடித்த நார்ப்பட்டை விரல்மூட்டுகளைச் சுற்றி இழுபட்டு, பாதத்தின் வளைவு உயர்ந்து, தளர்ந்திருந்த பாதம் விறைத்து உடலை முன்னே தள்ளுகிறது. ஹிக்ஸ் என்ற ஆய்வாளர் இந்த இயக்கத்தை 1954இல் விளக்கி எழுதினார். விரல்கள் சேரும் இடத்தில் இருக்கும் அந்த அகன்ற மூட்டு வரிசை எங்கே மடங்குகிறதோ அங்கேதான் காலணியும் மடங்க வேண்டும். குதிகாலிலிருந்து விரல் நுனி வரை ஒரே நீளமுள்ள இருவருக்கு, குதிகாலிலிருந்து அந்த மூட்டு வரையுள்ள தூரம் வேறாக இருக்கலாம். ஒருவர் நீண்ட விரல்காரர், மற்றவர் குட்டை விரல்காரர். ஒரே எண் பூட்ஸ் இருவருக்கும் சரியாக வராது. அமெரிக்காவின் சார்ல்ஸ் பிரானக் 1920களில் வடிவமைத்து, இன்றும் சப்பாத்துக் கடைகளில் பயன்படும் அளவுகோலில் நீளத்துக்கு ஓர் அளவு, மூட்டுக்கு ஓர் அளவு, அகலத்துக்கு ஓர் அளவு என மூன்று இருப்பது இதனால்தான்.

அகலம் நமக்குத் தனியாகவே முக்கியம். சிறுவயது முதல் வெறுங்காலோடு நடந்து பழகியவர்களின் பாதங்களைத் தென்னிந்தியாவில் அளந்து, 2009இல் ஓர் ஆய்வு வெளியானது. காலணி போட்டே வளர்ந்தவர்களைவிட அவர்களின் முன்பாதம் அகன்றிருந்தது, நடக்கும்போது எடையும் பாதம் முழுக்கச் சீராகப் பரவியது. தோட்டப்புறத்தில் வளர்ந்த பலருக்கும் அப்படிப்பட்ட பாதம்தான். அந்த அகலம் ஆரோக்கியத்தின் அடையாளம். ஆனால் குறுகிய பூட்ஸ் அதைத் தண்டிக்கிறது. அகலம் போதாமல் இறுக்குகிறதே என்று ஒருவர் இரண்டு எண் பெரிய பூட்ஸை எடுத்துக்கொள்கிறார். அகலம் சரியாகிவிடும். ஆனால் நீளம் கூடிப்போகும், மடங்கும் இடம் தவறிப்போகும், குதிகால் உள்ளே ஆடத் தொடங்கும். பெண்களின் நிலைமை இன்னும் சிக்கல். ஆண் பாதத்தின் அச்சில் வார்த்த பூட்ஸின் சிறிய எண்ணைத்தான் அவர்கள் பெரும்பாலும் போட வேண்டியிருக்கிறது. முன்பாதத்தோடு ஒப்பிட்டால் பெண்களின் குதிகால் பொதுவாகக் குறுகலானது. முன்னால் சரியாக இருக்கும் பூட்ஸ் பின்னால் கழன்று கழன்று வரும்.

எண் எதை அளக்கிறது?

காலணியில் அச்சடித்திருக்கும் எண் உங்கள் பாதத்தின் அளவு என்று நினைத்தால் ஏமாறுவோம். பிரிட்டிஷ் முறையில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 8.5 மில்லிமீட்டர். ஐரோப்பிய முறையில் அது சுமார் 6.7 மில்லிமீட்டர். இந்த இரண்டு முறைகளும் அளப்பது சப்பாத்து எந்த அச்சுக்கட்டையின் மேல் உருவானதோ அந்தக் கட்டையின் நீளத்தை. விரலுக்கு முன்னால் எவ்வளவு இடம் விட்டுக் கட்டையைச் செதுக்குவது என்பது ஒவ்வொரு கம்பெனியின் விருப்பம். ஒரு கம்பெனியின் எட்டு இன்னொரு கம்பெனியின் எட்டாக இல்லாமல் போவது இதனால்தான்.

பனிச்சறுக்கு பூட்ஸில் பயன்படுவது மாண்டோபாயிண்ட் என்ற முறை. அது பாதத்தின் நீளத்தையே நேராகச் சொல்கிறது. 265 மில்லிமீட்டர் பாதத்துக்கு 26.5 எண். ஒரு தாளும் பென்சிலும் அடிக்கோலும் இருந்தால் எந்தத் தோட்டத்திலும் இந்த அளவை எடுத்துவிடலாம்.

நல்ல பொருத்தம் அச்சுக்கட்டையிலிருந்துதான் தொடங்குகிறது என்பது பினாங்குக்குப் புதிய செய்தி அல்ல. உலகப் புகழ்பெற்ற காலணி வடிவமைப்பாளர் ஜிம்மி சூ 1948இல் இந்த மாநிலத்தில் பிறந்தவர். சப்பாத்துத் தைக்கும் குடும்பம் அது. பதினோரு வயதில் தன் முதல் ஜோடியைத் தைத்தவர், பிறகு லண்டனின் கார்ட்வெய்னர்ஸ் கல்லூரியில் படித்தார். கையால் தைக்கும் கைவினைஞர் தோலைத் தொடுவதற்கு முன் வாடிக்கையாளரின் பாதத்தைத் தொட்டு அளப்பார். தொழிற்சாலை லட்சக்கணக்கில் வார்த்துத் தள்ளத் தொடங்கியபோது மலிவு கிடைத்தது, அந்தத் தொடுதல் போய்விட்டது.

குதிகாலைப் பிடி, விரலை விடு

பனிச்சறுக்கு பூட்ஸ் பொருத்துபவர்கள் செய்யும் முதல் சோதனை எளிமையானது. உள்ளுறையைக் கழற்றிவிட்டு, வெறும் பிளாஸ்டிக் ஓட்டுக்குள் காலை விடச் சொல்வார்கள். விரல் நுனி முன்னால் லேசாகத் தொடும்வரை பாதத்தை முன்னே தள்ளி, குதிகாலுக்குப் பின்னால் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பார்ப்பார்கள். சாதாரணமாகச் சறுக்குபவருக்கு ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர், பந்தய வீரருக்கு அதைவிடக் குறைவு. பிறகு உள்ளுறையைப் போட்டு நிமிர்ந்து நிற்கும்போது விரல் முன்னால் உரசலாம். முழங்காலை முன்னே மடக்கியதும் குதிகால் பின்னே போய் அமர்ந்து, விரலுக்கு இடம் கிடைத்துவிட வேண்டும்.

இதன் சாரம் ஒரே வரி. குதிகாலும் புறங்காலும் அசையாமல் பிடிபட வேண்டும், விரல்கள் விடுதலையாக இருக்க வேண்டும். தளர்வான பூட்ஸை வாங்கிவிட்டுக் கொக்கிகளை இறுக்கி ஈடுகட்டப் பார்ப்பவருக்குப் புறங்காலில் இரத்த ஓட்டம் தடைபட்டு, விரல்கள் குளிரில் மரத்துப்போகும். தடித்த காலுறையை இரண்டு மூன்று அடுக்காகப் போட்டாலும் அதே கதிதான். மெல்லிய ஒரே காலுறையும் சரியான ஓடும்தான் கதகதப்பைத் தரும்.

ரப்பர் பூட்ஸில் கொக்கியும் இல்லை, கயிறும் இல்லை. இறுக்கித் திருத்த வழியே கிடையாது. எண்ணுக்கு எண் 8.5 மில்லிமீட்டர் தாவும் ஒரு பொருளில் அது பெரிய குறை. அதனால் திருத்தும் வேலையைக் காலுறையும் உள்ளட்டையும்தான் செய்ய வேண்டும். அகலத்துக்கும் நீளத்துக்கும் ஏற்ற பூட்ஸை எடுத்து, உள்ளே ஓர் அட்டையை வைத்துப் பாதத்தைக் கொஞ்சம் உயர்த்தினால் புறங்கால் மேல்பகுதியோடு ஒட்டி நிற்கும். குதிகாலின் ஆட்டம் கணிசமாகக் குறையும்.

கொப்புளம் பிறக்கும் விதம்

கொப்புளம் என்றால் உரசி உரசித் தோல் சூடாகி வருவது என்று பலரும் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. தோலின் மேற்பரப்பு காலுறையோடு ஒட்டி ஒரே இடத்தில் நிற்கிறது. உள்ளே எலும்பு முன்னும் பின்னும் நகர்கிறது. நடுவில் மாட்டிக்கொண்ட தோல் அடுக்குகள் இரண்டு திசையில் இழுபட்டு, மேல்தோலுக்குள்ளேயே சிறு கிழிசல் விழுகிறது. அந்த இடைவெளியில் நீர் கோக்கிறது. குதிகால் ஆடும் பூட்ஸில் இது ஒவ்வோர் அடியிலும் நடக்கும். ஒருவர் ஒரு நாளில் பத்தாயிரம் அடி நடந்தால், ஒவ்வொரு குதிகாலிலும் ஐயாயிரம் முறை.

ஈரம் இதைக் கூட்டுகிறது. காய்ந்த தோலைவிட ஈரம் பட்ட தோலுக்குப் பிடிப்பு அதிகம். பாதங்களில் வியர்வைச் சுரப்பிகள் உடலின் பெரும்பாலான பகுதிகளைவிட நெருக்கமாக இருக்கின்றன. காற்றுப் புகாத ரப்பருக்குள் அந்த வியர்வை போக வழியில்லை. ஊறிப்போன தோலில் விரலிடுக்குச் சேற்றுப்புண்ணும் பூஞ்சையும் சுலபமாகக் குடியேறும். பருத்திக் காலுறை ஈரத்தைக் குடித்துத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் என்பதால், மதியத்தில் மாற்றிப் போட இன்னொரு ஜோடி கையில் இருப்பது பெரிய உதவி. மாலையில் உள்ளட்டையை வெளியே எடுத்து, பூட்ஸைக் கவிழ்த்துக் காயவைத்தால் மறுநாள் காலை பாதம் காய்ந்த இடத்துக்குள் போகும்.

வலி தெரியாத கால்

பொருந்தாத காலணி வலித்தால் நாம் கழற்றிவிடுவோம். வலி நமக்குக் காவல். அந்தக் காவல் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை உலகுக்கு விளக்கியது நம் வேலூர். கொல்லிமலையில் 1914இல் பிறந்த மருத்துவர் பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்களும் பாதங்களும் நோயால் தானாக அழுகி விழுகின்றன என்று அன்று நம்பினார்கள். உணர்ச்சி நரம்பு செத்துப்போனதால் காயமும் அழுத்தமும் தெரியாமல் அவர்கள் தொடர்ந்து நடப்பதே அந்தச் சிதைவுக்குக் காரணம் என்று அவர் காட்டினார். ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான முறை விழும் மிதமான அழுத்தமே புண்ணாக்கப் போதும். வேலூருக்கு அருகே கரிகிரியில் நடந்த பணியின் பயனாக, நுண்ணறைகள் கொண்ட மெத்தென்ற ரப்பரில் செய்த செருப்புகள் பரவலாகப் பயன்பாட்டுக்கு வந்தன.

அந்த அறிவு இன்று நீரிழிவு நோயாளிகளைக் காக்கிறது. சென்னையில் நீரிழிவு மருத்துவர் விஜய் விஸ்வநாதன் குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வில், மெத்தென்ற உள்ளட்டை கொண்ட காலணி அணிந்தவர்களுக்குப் புதுப் புண்கள் வந்தது மிகக் குறைவு. கடினமான அட்டை கொண்ட செருப்பு அணிந்தவர்களுக்கு அது பல மடங்கு.

இது நமக்கு ஏன் அவசரம் என்றால், 2019இல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. நாட்டின் பெரிய இனங்களில் இந்தியர்களிடையேதான் அது மிக அதிகம். பல ஆண்டுகளாக நீரிழிவோடு இருக்கும் ஒருவர் "இந்த பூட்ஸ் வசதியாகத்தான் இருக்கிறது" என்று சொன்னால் அந்த வார்த்தையை மட்டும் நம்பக் கூடாது. அவர் பாதத்துக்கு இறுக்கம் தெரியாமலே போயிருக்கலாம். தினமும் மாலை பாதத்தின் அடியைக் கண்ணாலோ கண்ணாடி வைத்தோ பார்ப்பதும், பூட்ஸைப் போடுமுன் கையை உள்ளே விட்டுக் கல், முள் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பதும் அவருக்கு மருந்துக்குச் சமமான பழக்கங்கள்.

பிள்ளைகளின் சப்பாத்து

பைராம் தோட்டத் தமிழ்ப்பள்ளி உட்பட நாட்டின் எல்லாப் பள்ளிகளிலும் 2021 முதல் வெள்ளைச் சப்பாத்து போய்க் கறுப்புச் சப்பாத்து வந்தது. நிறத்தைப் பற்றி அன்று நிறையப் பேசினோம். பொருத்தத்தைப் பற்றியும் அதே அளவு பேச வேண்டும். ஆரம்பப் பள்ளி வயதில் பாதம் ஆண்டுக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. பிள்ளைகளின் எலும்புகள் இன்னும் முழுதாக இறுகாதவை, இறுக்கத்துக்கு வளைந்து கொடுப்பவை. அதனால் சப்பாத்து சின்னதாகிவிட்டது என்று பிள்ளை சொல்லும்வரை காத்திருக்கக் கூடாது. மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை பெற்றோரே விரல் வைத்துப் பார்க்க வேண்டும்.

தென்னிந்தியாவில் ராவ், ஜோசப் என்ற இரு மருத்துவர்கள் 2,300 பிள்ளைகளின் பாதங்களை ஆராய்ந்து 1992இல் எழுதினார்கள். காலணி போட்டு வளர்ந்தவர்களில் 8.6 விழுக்காட்டினருக்குத் தட்டைப்பாதம் இருந்தது, வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8 விழுக்காட்டினருக்கு. முன்பக்கம் மூடிய சப்பாத்து அணிந்தவர்களிடம்தான் அது அதிகம். பள்ளிக்குச் சப்பாத்து வேண்டும், கழிப்பிடத்துக்கும் ஈர மண்ணுக்கும் செருப்பு வேண்டும். ஆனால் சுத்தமான வீட்டுத் தரையிலும் திண்ணையிலும் பிள்ளை வெறுங்காலோடு ஓடட்டும். பாதத்தின் தசைக்கு அது நல்ல பயிற்சி.

இரும்பு நுனியின் எல்லை

சில பூட்ஸ்களின் நுனியில் இரும்புக் கவசம் இருக்கும். அனைத்துலகத் தரத்தின்படி பாதுகாப்புக் காலணியின் நுனி 200 ஜூல் மோதலைத் தாங்க வேண்டும். 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவது ஏறக்குறைய அவ்வளவுதான். 20 கிலோ செம்பனைக் குலை பத்து மீட்டர் மரத்திலிருந்து விழுந்தால் அது பத்து மடங்கு, கிட்டத்தட்ட 2,000 ஜூல். எனவே விழும் குலையிலிருந்து காப்பது விலகி நிற்கும் பழக்கம்தான், இரும்பு நுனி அல்ல. கீழே கிடக்கும் குலையைத் தூக்கும்போது நழுவினால் காலைக் காப்பதற்கு அந்த நுனி உதவும். இரும்பு விரியாது என்பதால் அத்தகைய பூட்ஸில் விரலுக்கு இடம் இருக்கிறதா என்று இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

தோட்டத்தில் செய்யக்கூடியது

வேலை முடிந்த மாலை நேரம் அளப்பதற்கு ஏற்றது. வேலைக்குப் போடும் அதே காலுறையோடு, தாளின் மேல் நின்றபடி இரண்டு பாதங்களையும் வரைந்து, நீளத்தையும் மிக அகன்ற இடத்தையும் மில்லிமீட்டரில் குறித்துக்கொள்ள வேண்டும். பெரிய பாதம் எதுவோ அதற்கு ஏற்ற பூட்ஸை எடுக்க வேண்டும். உள்ளட்டை கழறுமானால் அதை வெளியே எடுத்து அதன் மேல் நின்று பார்க்கலாம். பாதம் ஓரத்தைத் தாண்டி வழிந்தால் அந்த பூட்ஸ் குறுகல். பூட்ஸுக்குள் பாதத்தை முன்னே தள்ளி, குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் சற்று இறுக்கமாக நுழைந்தால் நீளம் சரி. இரண்டு விரல் தாராளமாக நுழைந்தால் அது பெரிது. பிறகு சரிவிலோ படிக்கட்டிலோ ஏறி இறங்க வேண்டும். கயிறில்லாத பூட்ஸில் குதிகால் கொஞ்சம் எழுவதைத் தவிர்க்க முடியாது, ஆனால் கழன்று வரக் கூடாது. இறங்கும்போது விரல் முன்னால் போய் இடித்தாலும் வேண்டாம். கடைசியாகக் குந்தி உட்கார்ந்து, பூட்ஸின் விளிம்பு கெண்டைக்காலை வெட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒருவருக்கு இத்தனையும் செய்யச் சில நிமிடம் போதும்.

வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 1994 முதலே, சட்டப்படி கொடுக்க வேண்டிய பாதுகாப்புப் பொருளுக்காகத் தொழிலாளியிடம் முதலாளி பணம் பிடிக்கக் கூடாது என்கிறது. கொடுப்பது கடமை என்றால், பொருந்துவதைக் கொடுப்பதும் அந்தக் கடமைக்குள் அடங்கும். ஸ்டோரில் ஒரே மாதிரி பூட்ஸை மட்டும் அடுக்காமல், அகன்ற பாதத்துக்கும் பெண்களுக்கும் ஏற்ற மாதிரிகளையும், கூடவே உள்ளட்டைகளையும் வாங்கி வைத்தால் போதும். மண்டோரின் புத்தகத்தில் ஒவ்வொருவரின் பெயருக்கு எதிரே பூட்ஸ் எண் இருக்கும் இடத்தில் பாதத்தின் நீளமும் அகலமும் இருக்கட்டும். அந்த இரண்டு எண்கள் அடுத்த முறை பூட்ஸ் வாங்கும்போதும், புதிய கம்பெனிக்கு மாறும்போதும் தவறாமல் வழிகாட்டும். பைராமிலும் மற்றத் தோட்டங்களிலும் அடுத்த முறை பூட்ஸ் கொடுக்கும் நாளிலேயே இதைத் தொடங்கலாம். தாளும் பென்சிலும் அடிக்கோலும் எல்லா ஆபீசிலும் இருக்கின்றன.